வண்ணத் தாள்களை ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயன்படுத்துகிறவரைக் கவனித்து, மாதிரி செய்து, சோதித்து விடை காணும் 'டிசைன் திங்கிங்' எனப்படும் வடிவமைப்புச் சிந்தனை பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பரிவு, வரையறை, யோசனை, மாதிரி, சோதனை என்ற ஐந்து படிகளையும் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. கூடவே வந்த படத்தில், சுவர் முழுக்க மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் தாள்கள் ஒட்டியிருக்க, எட்டுப் பேர் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம்தான் எங்களை எழுத வைத்தது. பொருள்களையும் சேவைகளையும் வடிவமைப்பதே எங்கள் தொழில். படத்தில் இருப்பது ஐந்து படிகளில் நடுவில் உள்ள ஒன்று மட்டுமே. ஆகக் குறைந்த நேரம் பிடிப்பதும் அதுதான். அதற்கு முன்னால் உள்ள கவனிப்பையும் பின்னால் உள்ள சோதனையையும் விட்டுவிட்டு, ஒரு நாள் பயிலரங்கோடு முடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் சில மாதம் கழித்து 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று கைகழுவிவிடுகின்றன. முறையின் மேல் பழி விழுகிறது. உண்மையில் அந்த முறையை அவர்கள் செய்து பார்க்கவே இல்லை.

கவனிப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் இருக்கும் அளவுக் குவளை. அதில் என்ன குறை என்று கேட்டால் 'கண்ணாடி உடைகிறது', 'எண்ணெய்க் கையில் வழுக்குகிறது', 'சூடானதை ஊற்றினால் பிடி சுடுகிறது' என்று பதில் வரும். அதே ஆளிடம் குவளையைக் கொடுத்து, 200 மில்லி தண்ணீர் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஊற்றுவார். குனிந்து கோட்டைப் பார்ப்பார். நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். மறுபடி குனிவார். கூடிப்போயிருக்கும், கொஞ்சம் கொட்டிவிட்டு மறுபடி குனிவார். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் அளவு பிசகும் என்பதால் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஒரே ஓர் அளவுக்கு மூன்று முறை முதுகு வளைகிறது. அதை ஒருவரும் குறையாகச் சொல்வதில்லை. அளப்பது என்றாலே அப்படித்தான் என்று உடம்பு பழகிவிட்டது.

சமையலறைக் கருவிகள் செய்யும் ஆக்ஸோ நிறுவனத்தின் சாய்வு அளவுக் குவளை தீர்த்து வைத்தது இந்தக் குனிவைத்தான். குவளையின் உட்சுவரை ஒட்டி ஒரு சாய்ந்த பட்டை ஏறும். அளவுக் கோடுகள் அந்தப் பட்டையின் மேல் இருக்கும். நின்றபடியே மேலிருந்து பார்த்தால் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பது தெரியும். புதிய பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, செயலி இல்லை. கோட்டை வைக்கும் இடம் மட்டும் மாறியது. கேட்டிருந்தால் கிடைத்திருக்காத விடை, பார்த்ததால் கிடைத்தது.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவர்களுடைய இடத்துக்குப் போங்கள், அவர்கள் அந்த வேலையைச் செய்யும் நேரத்தில் போங்கள். இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் பேச, மற்றவர் எழுத. ஓர் ஆளுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எழுதும் தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் வலப்பக்கம் நாமாக நினைப்பதையும் எழுதுங்கள். 'மூடியைத் திறக்கச் சிரமப்பட்டார்' என்பது வலப்பக்கத்துக்கு உரியது. 'மூடியை இரண்டு முறை எதிர்ப்பக்கம் திருப்பினார், பிறகு துணியைச் சுற்றிப் பிடித்தார்' என்பதுதான் இடப்பக்கம். இந்தக் கோடு இல்லாவிட்டால், ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த விடைக்கு ஆதாரம் சேகரித்துக்கொண்டு திரும்பி வருவோம்.

எதைத் தேடுவது? ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுங்கள். பொத்தானின் மேல் ஒட்டிய டேப், மார்க்கரால் எழுதிய அம்புக்குறி, கைப்பிடியில் சுற்றிய ரப்பர் பேண்டு, ஆடாமல் இருக்கக் காலடியில் மடித்து வைத்த அட்டை. இவை ஒவ்வொன்றும், பயன்படுத்துகிறவர் தாமே செய்துகொண்ட பழுதுபார்ப்பு. பொருளின் குறை அங்கே கையெழுத்துப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்கும்போது எதிர்காலத்தைக் கேட்காதீர்கள். 'இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?' என்றால் மரியாதைக்காவது 'வாங்குவேன்' என்பார்கள். 'கடைசியாக இதை எப்போது செய்தீர்கள்? அப்போது செய்த மாதிரியே ஒருமுறை செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

யாரைப் பார்ப்பது என்பதும் முக்கியம். எல்லோரும் சராசரிப் பயனாளரைத் தேடுகிறார்கள். சராசரி ஆள் பழகிப்போய்ச் சமாளித்துவிடுவார். குறையின் அழுத்தம் விளிம்பில் இருப்பவரிடம்தான் வெளியே தெரியும். ஆக்ஸோவின் தொடக்கமே அப்படித்தான். அதை நிறுவிய சாம் ஃபார்பரின் மனைவி பெட்சிக்கு மூட்டுவாதம். மெல்லிய உலோகப் பிடி கொண்ட காய்கறித் தோல் சீவியைப் பிடிப்பதே வலி. 1990-இல் வந்த புதிய சீவிக்குத் தடித்த, மென்மையான ரப்பர் பிடி. ஈரக் கையில் உருளாதிருக்க அது நீள்வட்டமாக இருந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பதியும் இடத்தில் வளையக்கூடிய மெல்லிய வரிகள். மூட்டு வலி உள்ளவர்களுக்காக யோசித்தது, வலியே இல்லாதவர்களுக்கும் பிடித்துப்போனது.

அடுத்து, பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. இதில் நேரம் செலவழிக்க யாருக்கும் பொறுமை இல்லை, ஆனால் பாதை பிரிவது இங்கேதான். 2007-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் மாணவர் குழுவுக்குத் தரப்பட்ட பணி, குறைந்த செலவில் ஓர் இன்குபேட்டர், அதாவது குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி. குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் மருத்துவமனையில் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்தது தொலைதூரக் கிராமங்களில். மருத்துவமனை வரை வந்து சேரவே அவற்றால் முடியவில்லை. 'விலை மலிவான இன்குபேட்டர்' என்ற வாக்கியம் அங்கேயே அடிபட்டுப்போனது. 'மருத்துவமனைக்கு வெளியே, தொடர் மின்சாரம் இல்லாத இடத்தில், குழந்தையின் உடல் சூட்டைக் காப்பது' என்று அது மாறியது. அதிலிருந்து வந்ததுதான் எம்பிரேஸ்: சிறு தூக்கப்பை போன்ற ஒன்று, உள்ளே சூடேற்றிச் செருகும் மெழுகு போன்ற பொருள் கொண்ட ஒரு பை. அந்தப் பொருள் உருகி உறையும் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அதனால் மெல்ல உறையும்போது சில மணி நேரம் அதே சூட்டை விட்டுக்கொடுக்காமல் நிற்கும். முதல் வாக்கியத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், இன்னும் மலிவான ஒரு பெட்டி காலியாகக் கிடந்திருக்கும்.

வாக்கியத்தைச் சரிபார்க்க எளிய வழி: அதில் விடை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'வாடிக்கையாளருக்கு ஒரு செயலி தேவை' என்பதில் செயலி விடை. 'ஆர்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாடிக்கையாளர் ஒரே நாளில் மூன்று முறை அழைக்கிறார்' என்பதுதான் பிரச்சினை. இரண்டாவதை எழுதிவிட்டால், ஒரு குறுஞ்செய்தி போதுமே என்றுகூடத் தோன்றலாம்.

யோசனைப் படிக்கு ஒரே ஒரு குறிப்பு. ஆளுக்கு ஆள் சேர்ந்து கத்துவதற்கு முன்னால், எல்லோரும் பத்து நிமிடம் வாய் திறக்காமல் தனித்தனியாக எழுதட்டும். தனித்தனியே யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தால் குழுவாகக் கூடி யோசித்ததைவிட அதிக யோசனைகள் கிடைக்கின்றன என்பது 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்தது. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. ஒருவர் பேசும்போது மற்றவர் தம் யோசனையை அடக்கி வைக்கிறார். தன் முறை வருவதற்குள் அது மறந்துபோகிறது. மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

மாதிரி செய்வதில்தான் எங்களுக்கு மிகுந்த ஆதங்கம். மாதிரி என்றதும் முப்பரிமாண அச்சு, வண்ணப்பூச்சு, மின்னணுத் தட்டு என்று போய்விடுகிறார்கள். நாட்குறிப்பும் முகவரியும் குறித்து வைக்கும் பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதற்காகச் செய்த மாதிரி, சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு அறுத்த ஒரு மரக்கட்டை. எழுதுகோலுக்குப் பதில் ஒரு குச்சி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்; யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குறித்துக்கொள்வது போல் நடித்தார். இந்த அளவு பைக்குள் உறுத்துகிறதா, எத்தனை முறை கை அதைத் தேடிப் போகிறது, எதற்காகப் போகிறது என்று அந்தக் கட்டையே சொல்லிக்கொடுத்தது. 1996-இல் கருவி விற்பனைக்கு வந்தபோது அதன் அளவை முடிவு செய்திருந்தது மரக்கட்டைதான்.

ஒரு மாதிரிக்கு ஒரு கேள்வி. அளவுதான் கேள்வி என்றால் அட்டை போதும். பிடிதான் கேள்வி என்றால் களிமண்ணை உருட்டி, பிடித்த கையின் பதிவு அப்படியே இருக்கும்படி காயவிடுங்கள். திரைதான் கேள்வி என்றால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு தாள்; தொட்டால் ஒருவர் அடுத்த தாளை வைக்கட்டும். சேவை மையமோ கவுண்டரோ என்றால் தரையில் டேப்பால் உண்மையான அளவில் கோடு போட்டு, நாற்காலிகளை அடுக்கி, நடந்து பாருங்கள். எடையை மட்டும் மறக்கக் கூடாது. தெர்மாகோலில் செய்ததைத் தூக்கிப் பார்த்து 'பிரமாதம்' என்பார்கள். உண்மைப் பொருள் 600 கிராம் வந்து நிற்கும்போது இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். உள்ளே மணலைக் கட்டி எடையைச் சமன் செய்யுங்கள். பின்பக்கம் கனமா, முன்பக்கம் கனமா என்பதுகூடப் பிடியின் நீளத்தை மாற்றிவிடும்.

இன்னொன்று: ஒன்றை மட்டும் காட்டாதீர்கள், மூன்றைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று என்றால், செய்தவர் மனம் நோகுமே என்று குறையை விழுங்கிவிடுவார்கள். மூன்று இருந்தால் 'இது பரவாயில்லை, அது கையைக் குத்துகிறது' என்று நா தானாக அவிழும். மாதிரி அழகாகவும் இருக்கக் கூடாது. பளபளப்பானதைப் பார்த்தால் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். அட்டையைப் பார்த்தால்தான் வேலையைப் பற்றிப் பேசுவார்கள்.

சோதனைக்கு வருவோம். மாதிரியைக் கையில் கொடுத்து, செய்ய வேண்டிய வேலையை மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். 'இதை எப்படித் திறப்பது?' என்று கேட்டால், 'நாங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். கை முதலில் எதைத் தொட்டது, மூன்று விநாடிக்கு மேல் எங்கே நின்றது, எங்கே பின்வாங்கியது, எங்கே உதவி கேட்டது, இவ்வளவையும் ஓர் அட்டவணையில் குறியுங்கள். வரிசையில் படிகள், பத்தியில் ஆட்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள். மாற்றிய பிறகு புதிதாக ஐந்து பேர் வேண்டும். பழைய ஆட்களுக்கு விடை தெரிந்துவிட்டது.

ஏன் ஐந்து? மென்பொருள் இடைமுகங்களை வைத்து நீல்சன், லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனாளரைப் பார்த்தாலே சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்கள் தெரிந்துவிடும். ஐந்தாவது ஆளுக்குள் ஏறத்தாழ 85 விழுக்காடு வந்துவிடும். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, நடுநடுவே திருத்தம் என்பது பல மடங்கு பலன் தரும். இரண்டு வகையான பயனாளர்கள் என்றால் (பொருளை வாங்குகிறவர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர்) ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஆட்கள் வேண்டும்.

ஆனால் இந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனையையும் ஐந்தோடு நிறுத்துவது பெரும் தவறு. ஐந்து பேர் குழப்பத்தைக் கண்டுபிடிப்பார்கள். தேய்மானத்தையும் அரிதான உடைவையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்கு வேறு கணக்கு. ஒரு கீலை 300 முறை சோதித்து ஒருமுறைகூடப் பழுது வரவில்லை என்றால், பழுது விகிதம் ஒரு விழுக்காட்டுக்கு உள்ளே என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. 3-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பதே அந்த வரம்பு. ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமானால் பழுதே இல்லாமல் 3,000 சோதனை. குழந்தைகள் கைக்குப் போகும் பொருளுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் 'பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தோம்' என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

விற்பனையிலும் சோதனையின் தன்மையே முடிவை மாற்றும். இன்று எல்லா மேசையிலும் இருக்கும் போஸ்ட்-இட் தாளை 3எம் நிறுவனம் 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாய்சி நகரில் அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பயன்படுத்த விட்டார்கள். பயன்படுத்தியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். பொருள் அதேதான். ஒட்டி எடுத்துப் பார்க்காத வரை, பாதி ஒட்டும் தாளால் என்ன பயன் என்று எவருக்கும் புரியாது.

அன்றாடப் புதுமை என்று தங்கள் கட்டுரை சொன்னதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1961-இல் ஜப்பானில் ஒரு தொழிற்சாலை. ஒரு சிறிய சுவிட்ச். இரண்டு பொத்தான், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருள்வில். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒரு வில்லைப் போட மறந்துவிடுவார்கள். 'கவனமாக இருங்கள்' என்று எத்தனை முறை சொல்லியும் தீரவில்லை. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் சொன்ன மாற்றம் இவ்வளவுதான்: முதலில் இரண்டு சுருள்வில்லையும் எடுத்து ஒரு சிறு தட்டில் வையுங்கள், பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்தது கண்ணுக்குத் தெரியும். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு மனிதர் தலையிலிருந்து தட்டுக்கு இறங்கியது. இதை முதலில் 'முட்டாள் தடுப்பு' என்ற பொருளில் ஜப்பானிய மொழியில் அழைத்தார்கள். அது தொழிலாளரைப் புண்படுத்துகிறது என்று தெரிந்ததும் 'தவறு தடுப்பு' என்ற பொருளில் 'போக்கா-யோக்கே' என்று மாற்றினார்கள். அந்தப் பெயர் மாற்றத்தையும் நாங்கள் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே மதிக்கிறோம்.

ஏடிஎம் எந்திரத்திலும் இதே பாடம். பணத்தை முதலில் தந்துவிட்டு அட்டையைப் பிறகு தந்தால், பலர் அட்டையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்தது பணத்துக்கு, பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று மனம் மூடிக்கொள்கிறது. அட்டையை எடுத்தால்தான் பணம் என்று வரிசையை மாற்றியதும் மறதி குறைந்தது. மனிதர் வந்த காரியம் எதுவோ அது கடைசியில் நடக்கட்டும். அவர் மறக்கக்கூடியது அதற்கு முன்னால் நடக்கட்டும்.

அலுவலகப் படிவங்களுக்கும் இது பொருந்தும். நிரப்பிய படிவங்கள் நூறை எடுத்து, அடித்துத் திருத்தியது, காலியாக விட்டது, திருப்பி அனுப்பப்பட்டது என்று எந்தக் கட்டத்தில் எத்தனை என எண்ணுங்கள். பெரும்பாலும் நாலைந்து கட்டங்கள்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணமாக இருக்கும். குறிப்பு கட்டத்துக்குக் கீழே இருக்கும். படிப்பதற்குள் எழுதி முடித்திருப்பார்கள். முகவரிக்கு விட்ட இடம் பாதி முகவரிக்கே காணாது. தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்று இருக்காது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிக் கட்டம் போட்டாலே அந்தக் குழப்பம் நீங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த நூறு படிவங்களை மறுபடி எண்ணுங்கள். எழுதுகிறவருக்கு இலகுவாக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறவருக்குச் சுமையை இரட்டிப்பாக்கிவிடாதபடி அவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கவனிப்பை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வைத்த 'பிளேபம்ப்' சாட்சி. குழந்தைகள் விளையாடும் சுற்று ராட்டினம். அது சுழன்றால் நிலத்தடி நீர் மேல்தொட்டிக்கு ஏறும். படத்தில் பார்த்தால் எவர் மனமும் இளகும். 2006-இல் பெரும் நிதி குவிந்தது. ஆனால் குழந்தைகளுக்கு விளையாட்டு சலிக்கும், தண்ணீர்த் தேவை சலிக்காது. கடைசியில் வளர்ந்த பெண்களே குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. பல இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை வைத்திருந்தார்கள். 2010-இல், நிதி கொடுத்த அமெரிக்க அறக்கட்டளையே இலக்கு நிறைவேறவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தண்ணீர் எடுக்க வரும் பெண்களோடு ஒரு வாரம் நின்று பார்த்திருந்தால், முதல் ராட்டினத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கண்டுபிடிப்பு, புதுமை விருது என்று செய்தி வரும்போது, தங்கள் செய்தியாளர்கள் தயவுசெய்து மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். இதை உருவாக்கியவர்கள் அல்லாத எத்தனை பேர், எத்தனை நாள் பயன்படுத்தினார்கள்? அதைப் பார்த்தபின் எதை மாற்றினீர்கள்? மாற்றுவதற்கு முன்னால் இருந்த மாதிரி எங்கே, அதைப் படம் எடுக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு அழுக்கு அட்டையும் டேப்பும் ஒட்டிய ஏதோ ஒன்றை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினால், அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பொருள் மற்றும் சேவை வடிவமைப்புப் பணியில் இருக்கும் வாசகர்கள் சிலர்